பேனரில் இருந்த மருமகள்

கிர்ர்ரென்று இரும்பை அறுக்கும் சத்தம் தெருவையே உலுக்கியது. அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள் சுகுணா. வெளிக்கேட்டின் பூட்டில் தீப்பொறி பறந்தது. கட்டிங் மெஷினைப் பிடித்திருந்தவன் வெல்டிங் பட்டறை ஆள். அவனுக்குப் பின்னால் கைகட்டி நின்றவன் கவியரசன், சுகுணாவோடு வாழ்ந்த நிலவழகனின் தங்கச்சி புருஷன்.

"என்னண்ணே இது? உள்ள ஆளு இருக்கேன். கூப்பிட்டா தெறக்க மாட்டேனா?"

"மச்சான் பூட்டை மாத்தச் சொன்னாரு. நாளைக்கு வெள்ளையடிக்க ஆளு வருது. ஆவணி பத்து கல்யாணம், தெரியும்ல?"

தெரியும். வல்லத்திராக்கோட்டை முழுக்கத் தெரியும். நிலவழகனுக்கு அவன் மாமா வழியில் பெண் பேசி முடித்து ஒரு மாதமாகிறது. அதைச் சுகுணாவிடம் சொல்லாதவன் நிலவழகன் ஒருவன்தான்.

"திங்கக்கெழமை வரைக்கும் டைம். ஒஞ் சாமான எடுத்துக்க. தையல் மெஷின் ஒன்னோடதுதான், அதுல யாரும் தகராறு பண்ண மாட்டோம்" என்றான் கவியரசன், பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி. "இந்தாம்மா, புதுச் சாவி எங்கிட்ட இருக்கு. வெளிய போனீன்னா உள்ள வர முடியாது. சொல்லிட்டேன்."

போன வருஷம் வரை 'தங்கச்சி, ஒரு டீ போடு' என்று உரிமையோடு கேட்ட வாய். இப்போது 'இந்தாம்மா'. சுகுணாவுக்கு அதுதான் சுருக்கென்றது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பழகி, ஒரே பையில் இருவர் துணியையும் அடைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார்கள். சாதி வேறு. நிலவழகனின் அப்பா நாகராசு சத்தம் போடவில்லை. "மகளக் கட்டிக் குடுத்துட்டு ஒங்களுக்கும் ஒரு மஞ்சக் கயித்த முடிச்சுப்புடலாம். அதுவரைக்கும் கம்முனு இருங்க" என்றார். மகள் கல்யாணம் நடந்தது. சுகுணாதான் சீர்த்தட்டு தூக்கினாள். பிறகு நிலவழகன் ஜேசிபி ஓட்டிச் சேர்த்ததில் இந்த வீட்டைக் கட்டினான். சுவருக்குத் தண்ணீர் தெளித்தவள் அவள். பிறகு நாகராசுவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்றரை வருஷம் பீ, மூத்திரம் அள்ளியவளும் அவள்தான். அவர் போய்ச் சேர்ந்தார். மஞ்சள் கயிறு பேச்சும் அவரோடு போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் நிலவழகன் தன் சட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போனான். வரவேயில்லை.

கவியரசன் போனதும் கேட்டின் உள்பக்கம் சைக்கிள் செயினைச் சுற்றிப் பூட்டினாள் சுகுணா. பின்கதவுக்குத் தாழ் போட்டாள். திரும்பி வந்து முன்கதவைப் பார்த்தாள். மறுபடியும் பின்கதவு. உட்கார முடியவில்லை. தையல் மெஷின் டிராயரைத் திறந்து ஒரு நோட்டீஸை எடுத்தாள். போன மாதம் நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கு வந்து இலவச சட்ட உதவி என்று பேசிவிட்டுப் போனவர்கள் கொடுத்தது. அதிலிருந்த நம்பரைப் பிடித்து, அவர்கள் கைகாட்டி, அரை மணி நேரத்தில் வக்கீல் பாசிலா லைனில் வந்தாள். ஜெகதாப்பட்டினத்துப் பெண். கடற்கரையில் நின்று பேசுகிறவள்போல் உரத்த குரல்.

"தாலி கட்டலம்மா, அதான்..." என்று இழுத்தாள் சுகுணா.

"நான் தாலியக் கேட்டனாக்கா? ரெண்டு பேருல யாருக்காவது முன்னாடி வேற கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல."

"ஏழு வருசமும் ஒரே வீடா? ஊரு கண்ணு முன்னாடியா?"

"ஒளிஞ்சா இருந்தோம்? தெருவுக்கே தெரியும்."

"அப்பக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல ஒங்களுக்கு எடம் இருக்கு. வீடு ஒங்க பேருக்கு வந்துடாது, அந்த ஆசை வேணாம். ஆனா அவங்க இஷ்டத்துக்குப் பூட்டைப் போட்டு ஒங்களத் தொரத்த முடியாது. செலவுக்குப் பணமும் கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு, புருசன் பொண்டாட்டியாத்தான் வாழ்ந்தோம்னு காட்டணும். காயிதம் ஏதாச்சும் எடுங்க. ரேசன் கார்டு?"

"எங்கம்மா கார்டுலதான் எம்பேரு."

"ஆதார்?"

"திருப்பூர் அட்ரஸ்."

"கேஸ் புக், பேங்க், போட்டோ?"

எல்லாம் அவன் பெயரில். போட்டோவில் அவன் ஜேசிபி மேல் தனியாக நிற்பான், எடுத்தது சுகுணா.

"நல்லா மாட்டிவிட்டாரு போங்க" என்றாள் பாசிலா. "சரி, தேடுங்க. திங்கக்கெழமை புதுக்கோட்டையில பாதுகாப்பு அலுவலர் முன்னாடி ரெண்டு பக்கத்தையும் உக்கார வைக்கிறேன். அதுவரைக்கும் வாசப்படி தாண்டாதீங்க. வெளிய போயிட்டா ஒங்கள உள்ள கொண்டுவர எனக்கு ரெண்டு வருசம் ஆகும். உள்ள இருந்தீங்கன்னா ஒங்கள வெளிய அனுப்ப அவங்களுக்கு ரெண்டு வருசம் ஆகும். எது வசதி?"

சனிக்கிழமை வெள்ளையடிக்க வந்த இரண்டு பேர், செயின் போட்ட கேட்டைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு ஏணியோடு திரும்பிப் போனார்கள். சுகுணா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். அரிசி டின்னுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், நாகராசுவின் மாத்திரைப் பையில். மருந்துச் சீட்டுகளில் நோயாளியின் பெயர், வயது, டாக்டர் பெயர் எல்லாம் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெயரை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்தாள். சத்தம் தேய்ந்தால் உட்கார்ந்தாள். சத்தம் என்று நிலவழகன் திட்டி, இருட்டான பின்கட்டுக்குத் தள்ளியிருந்த மெஷினை அவன் போன மறுநாளே அவள் முன்னறை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டிருந்தாள். அதில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கப் பார்த்தாள். வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். பிரித்தாள்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. ஜன்னலில் நின்றாள். எதிரே, பக்கத்து வீட்டு அழகியின் ஆட்டுக் கொட்டகை. மேலே கூரைக்குப் பதிலாக விரித்துக் கட்டியிருந்த பழைய ஃபிளக்ஸில் மண்ணும் சருகும் புழுக்கையும் அப்பியிருந்தன. மழை அதைக் கழுவக் கழுவ ஒரு மீசை தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு தலைகீழாக நாகராசு, அவளையே பார்த்தார்.

'கண்ணீர் அஞ்சலி.'

சுகுணா கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கீழ்வரியைப் படித்தாள். அடுத்த நொடி, "அழகியக்கா! ஆட்டுக் கொட்டாயப் பிரிங்க!" என்று கத்தினாள்.

"ஏண்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? மழையில ஆடு நனையும்டி!"

"எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து கட்டுங்க! அந்த பேனர் எனக்கு வேணும்!"

நாகராசு இறந்த அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை அவளுக்குத் தெளிவாக ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் அவருடைய அண்ணன் இறந்தபோது தெரு முக்கத்தில் பன்னிரண்டு அடி பேனர் வைத்திருந்தார்கள். மகன்–மருமகள் என்று அதில் ஐந்து ஜோடி. பேனர் கடைக்கு மேட்டர் சொல்ல உட்கார்ந்த நிலவழகனின் அம்மா வள்ளிக்கண்ணு, "அவுக வீட்டுல அஞ்சு ஜோடி. எம்புருசன் பேனர்ல மகன் பேரு மொட்டையா நிக்கிறதா? வந்த சனம் என்ன பேசும்? போடுறா சுகுணா பேர" என்று அழுகைக்கு நடுவே அதட்டினாள். போட்டார்கள். பத்து நாள் முக்கத்தில் நின்றது. காரியம் முடிந்ததும், ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று அழகி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படம் எடுத்து அனுப்பியதும் பாசிலா போனில் ஒரு நிமிஷம் சிரித்தாள். "மடிக்காமச் சுருட்டிக் கொண்டாங்கக்கா. மாமனாருக்கு மடிப்பு விழக்கூடாது."

திங்கட்கிழமை சுகுணா வாசல்படி தாண்டினாள். வீட்டுக்குள் மூன்று ஆடுகளோடு அழகி காவல். "எவன் வாரான்னு பாக்குறேன். நீ போ" என்று அரிவாள்மனையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் அரிய உட்கார்ந்தாள்.

டவுன் பஸ்ஸில் ஃபிளக்ஸ் சுருள் ஜன்னலுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டு வந்தது. "யாருக்கும்மா காரியம்?" என்றார் கண்டக்டர்.

"மாமனாருக்கு. முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு."

கண்டக்டர் சுருளை ஒரு தடவை பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பாதுகாப்பு அலுவலர் வைஷ்ணவியின் அறை சின்னது. மேஜை, நாற்காலிகளை ஒதுக்கித்தான் பேனரைத் தரையில் விரிக்க முடிந்தது. ஒரு பக்கம் நிலவழகன், அவன் அம்மா, கவியரசன். மறுபக்கம் பாசிலாவும் சுகுணாவும். நடுவில் நாகராசு படுத்திருந்தார்.

"அச்சுப் பிழை மேடம்" என்றான் கவியரசன். "பேனர் கடைக்காரன் தப்பாப் போட்டுட்டான்."

பாசிலா குனிந்து அடுத்த வரியில் விரலை வைத்தாள். "மகள்–மருமகன்னு இங்க ஒரு ஜோடி இருக்கு. கவியரசன்னு போட்டிருக்கு. அதுவும் அச்சுப் பிழையாண்ணே?"

கவியரசன் பேனரின் ஓரத்திலிருந்து காலை நகர்த்திக்கொண்டான்.

"மேட்டர் குடுத்தது யாரு?" என்றார் வைஷ்ணவி.

வள்ளிக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாந்தேன். எழவு வீட்ல எல்லாம் பாத்துப் பாத்தா போட முடியும்?"

வைஷ்ணவி குறிப்பெடுத்தார். "நான் அறிக்கையை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அனுப்புவேன். மனு போகும். இனிமே அந்தப் பூட்டைத் தொடாதீங்க. இவங்க அங்க இருக்கலாமா, வேற வீடு பாத்து வாடகை நீங்க கட்டணுமா, மாசாமாசம் என்ன குடுக்கணும், எல்லாம் கோர்ட்டு சொல்லும்."

நிலவழகனின் செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனான். "மாமா... இல்ல மாமா... கொஞ்சம் கேளுங்க மாமா..." என்று மட்டும் உள்ளே கேட்டது. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை.

"கல்யாணத்த நிறுத்திட்டாங்க. பேனரை யாரோ ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்களாம். மாமா மக பாத்துருச்சு."

சுகுணாவுக்குத் தெரியும், அது அழகி. 'எங்க வீட்டு ஆட்டுக் கொட்டாய்' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தாள்.

முதலில் தேறியவள் வள்ளிக்கண்ணு. மகனின் முழங்கையை இடித்தாள். "பொண்ணும் போச்சு. கேசுக்கும் அலையணுமாடா? இவளுக்கே ஒரு கயித்தக் கட்டு. வீடு வீடா இருக்கும்."

நிலவழகன் சுகுணாவைப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல் தடவை. "வர்ற முகூர்த்தத்துலயே கட்டிடுறேன் சுகுணா. கோயில்ல வச்சு, ஊரக் கூட்டிக் கட்டுறேன். நீதான கேட்டுக்கிட்டே இருந்த? அந்த மனுவ வேணாம்னு மட்டும் சொல்லிரு."

கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். சீர்த்தட்டு தூக்கியபோது கேட்டாள். சுவருக்குத் தண்ணீர் தெளித்தபோது கேட்டாள். மூன்று நாளாக உட்கார விடாமல் அலைக்கழித்த கால்கள் இப்போது தரையில் அசையாமல் நின்றன. பாசிலா பேனா மூடியைத் திருகிக்கொண்டே அவளைப் பார்த்தாள். இந்த இடத்தில் வழுக்கி விழுந்த எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் வைஷ்ணவி. "மனுவை அனுப்பவா, வேணாமா?"

"அனுப்பிருங்க மேடம். தாலியக் கட்டிட்டா இவரும் அந்த வீட்டுக்கே திரும்பி வந்துருவாருல்ல?"