கபிரியேல் கட்டி முடிக்காத பெட்டி

பாரிசவாதத்தில் கபிரியேலுக்கு வலப்பக்கம் விழுந்தபோது, பதுளை ஸ்டேஷன் பக்கத்துச் சனங்கள் அவருடைய மனைவி றோசாலிக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் கபிரியேல். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நடந்த மனிதரை இனி இவள்தானே குளிப்பாட்டி ஊட்ட வேண்டும்! றோசாலியும் முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டாள்.

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவள் அவருக்கு 'லயத்துக்காரி'. அவர் பிறந்ததும் பசறைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடான ஒரு லயத்தில்தான். ஆனால் அதை யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது. கறியில் உப்புக் கூடினால் சோற்றைப் பானையோடு முற்றத்தில் கொட்டுவார். "மறுபடி ஆக்கு" என்பார். அவள் ஆக்கி முடித்ததும், பசி போய்விட்டது என்று எழுந்துவிடுவார். மகள் நிலக்ஷனா வயிற்றில் இருந்தபோது கொட்டுகிற மழையில் அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியவர். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. மகளைப் பொறுத்தவரை, அப்பா என்றால் ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்து எல்ல ஸ்டேஷன் வரை கூட்டிப்போகிறவர்.

இத்தாலியிலிருந்து அந்த ரயில்பெட்டியை அனுப்பியது மகள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் போன சலூன் பெட்டியொன்றின் சின்ன மாதிரி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளைப் படப்புத்தகத்தைப் பார்த்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில்.

கபிரியேல் அதில் ஊறிப்போனார். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு மேசைக்குப் போவார். நடுங்குகிற விரல்களால் ஒரு கட்டையை எடுப்பார், அது நழுவும், மறுபடி எடுப்பார். கறுப்பு அடித்தட்டு வந்தது. செங்கபில நிறச் சுவர்கள் எழுந்தன. கண்ணாடி ஜன்னல்கள்கூட வந்துவிட்டன.

ஒரு நாள் கூட்டும்போது நாற்காலிக்கடியில் ஒரு சக்கரம் கிடந்தது. றோசாலி அதை எடுத்து மேசையில் வைக்கத்தான் போனாள். அந்த நேரம் பார்த்து அவர், "ஏய், எங்கடி சக்கரம்? கண்ணு பொட்டையா ஒனக்கு?" என்று குழறினார்.

"நான் பாக்கலீங்களே" என்றாள் அவள். சக்கரம் கைக்குள் இருந்தது.

பகல் முழுக்கத் தேடினார். குனிய முடியாமல் குனிந்து, கட்டைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, கடைசியில் உதடு துடிக்க உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபடி சோறு தின்றாள் றோசாலி. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு ருசியாக அவள் தின்றதில்லை.

பிறகு கைக்கு அது பழகிவிட்டது. இன்றைக்கு ஒரு கதவு. இன்னொரு நாள் கூரைத் துண்டு. சில சமயம் எடுத்ததை அவர் கண் முன்னாலேயே திரும்ப வைத்து, "இந்தா இருக்கே, பாருங்க" என்பாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். பூசைக்குப் போன இடத்திலும், பக்கத்து வீட்டு ஸிஹாமாவிடமும், மகளிடமும் ஒரே பாட்டு: "அவருக்கு இப்ப மறதி. வச்ச எடம் தெரியல. பாவம்."

"ஒங்க பொறும யாருக்கு வரும்" என்றாள் ஸிஹாமா.

ஒரு மத்தியானம், அவள் முந்தானையில் முடிந்திருந்த கட்டைகள் அவிழ்ந்து தரையில் சிதறின. கபிரியேல் பார்த்துவிட்டார்.

"நீயா எடுத்த?"

"ஆமாங்க."

"ஏன்டி?"

வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் கொட்டினாள். சோற்றுப் பானை, மழை, வயிற்றுப் பிள்ளையோடு கோழிக்கூட்டோரம் நனைந்துகொண்டு நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார். பொய்யில்லை, மூளை கலங்கியதாலுமில்லை. அவருக்கு அதெல்லாம் நினைவில் வைக்கிற சங்கதியே அல்ல. பிறகு வேலைக்காரியிடம் நீட்டுவதுபோல் கையை நீட்டினார். "சாமானக் குடு."

றோசாலி கொடுக்கவில்லை. மேசையருகே முழங்காலிட்டு, கட்டி வைத்திருந்த பெட்டியைக் கழற்றத் தொடங்கினாள். கூரை, ஜன்னல், சுவர், அடித்தட்டு. அவசரமே இல்லை. நல்ல கையால் அவர் அவள் தலைமயிரைப் பிடித்தார். அந்தக் கையிலும் பலமில்லை; அதை அவளால் எடுத்து அவர் மடியில் வைத்துவிட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். கபிரியேல் திரைக்கு முகத்தைக் கொண்டுபோய், "ஒங்கம்மா திருடுறா. கட்டுனத ஒடைக்கிறா" என்று அழுதார்.

"அப்பா, அப்பிடிச் சொல்லாதீங்க. அம்மாதான ஒங்களப் பாக்குறாங்க? பாவம்ப்பா அவங்க." நிலக்ஷனாவின் குரல், சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற குரலாக இருந்தது. "அம்மா, டொக்டர்கிட்ட மறதிக்கு மருந்து கேளுங்களேன்."

"கேக்குறேன் புள்ள." றோசாலி அவர் கடைவாயைத் துவாயால் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"இதுக்கு எஞ்சினும் இருக்கு. நெறைய கட்டை. அனுப்பட்டுமா? அப்பா சந்தோஷப்படுவாரு."

கபிரியேல் "வேணாம், வேணாம்" என்று தலையை ஆட்டினார்.

"அனுப்பு புள்ள," என்றாள் றோசாலி. "பெருசாப் பாத்து அனுப்பு."