விழித்திருப்பதாகச் சொன்ன குரல்

1

இந்தக் கதை என் வேனின் பின்சீட்டில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் விமான நிலையத்தில் சரக்கு விமானிகளை ஏற்றி இறக்குவது என் வேலை. பெல்ட் போடுவதற்குள் தூங்கிவிடுவார்கள். அன்று காலை சியோனே மட்டும் தூங்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்று வானம் வழக்கத்தைவிட நீலமாக’ – வேண்டாம். அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம்.

2

சாலமன் தீவுகளின் ஹோனியாராவிலிருந்து கெய்ர்ன்ஸ் திரும்பும் வழி. ஓய்வில்லாமல் ஆறாவது நாள். துணை விமானி சியோனே கண் விழித்தபோது கேப்டன் மரீயும் தூங்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் பதினோரு நிமிடம் போயிருந்தது. பதறிப்போய்த் தரைக் கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் கூப்பிட்டான்.

“எங்களக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேனே. இறங்குற நேரத்தைச் சரியாத் திருப்பிச் சொன்னீங்க. கடைசில ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதுதான் புரியல.”

“என்ன சொன்னேன்?”

“‘இங்க எல்லாரும் முழிச்சிருக்கோம்’னு.”

(ரேடியோவில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் விமானிகளின் வழக்கம். கேட்காததை யாரும் சொல்வதில்லை.)

3

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ‘ஓய்வெடுத்தேன்’ என்று கையெழுத்திட வேண்டும். அன்றிரவு மரீ வீட்டில் கம்பெனியின் எட்டு விமானிகளும் கூடி, இனி இந்த அட்டவணைக்குக் கையெழுத்தில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒருவன் ஒப்புக்கொண்டாலும் போச்சு. ‘அவனால் முடிகிறதே’ என்று கம்பெனி மற்ற ஏழு பேரையும் துரத்திவிடும்.

சோபாவில் சற்றே கண்ணசந்த சியோனேயைப் போன் எழுப்பியது. அட்டவணை போடும் கெரின்.

“ரொம்ப தேங்க்ஸ் சியோனே. ஒருத்தனாவது பொறுப்பா இருக்கியே.”

“நான் என்ன பண்ணேன்?”

“இப்பத்தானே கூப்பிட்டே? ‘முழிச்சிருக்கேன், வர்றேன்’னியே. விடிகாலை நாலு மணிக்கு உறுதி பண்ணக் கூப்பிடுவேன். இன்னொரு தடவை சொல்லிடு, போதும்.”

5

(நான்காம் பகுதியை எழுதியதாகத்தான் ஞாபகம். தாளில் இல்லை. எனக்கும் விடிகாலை வண்டிதான்.)

அவன் பயந்துபோய் ஒப்புக்கொண்டுவிட்டு, குரல்மேல் பழி போடுகிறானோ என்று எனக்கே சந்தேகம். மரீக்கு இல்லை.

“சத்தியமா நான் பேசல மரீ.”

“தெரியும்டா. பக்கத்துல உக்காந்து நான்தானே தூங்கினேன். நீ படு. போனை நாங்க பாத்துக்கறோம்.”

“நீங்களும் தூங்கிட்டா?”

“ஏழு பேரும் ஒண்ணாவா தூங்குவோம்?” என்றாள். “வேணும்னா உன் வாய்க்கு பிளாஸ்டர் ஒட்டிடறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அதுதான் அவர்களின் முதல் சிரிப்பு.

6

முதல் முடிவு: போன் அடிக்கிறது, மரீ எடுத்து, “யாரும் வரமாட்டோம்” என்கிறாள். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் நான்கு மணிக்கு மரீ வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். ஏழு பேரும் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. கண்ணாடியைத் தட்டித் தட்டி என் கை வலித்ததுதான் மிச்சம். மேசையில் போன் அடிக்கிறது. கண் மூடிய சியோனேயின் கை அதை நோக்கி நகர்கிறது, உதடு பிரிகிறது.

இந்த அறைக்குள் இப்போது இருப்பவர்களில் தூங்காதவர், இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். அந்தப் போனை எட்டி எடுத்துவிடுங்கள்.

விழித்திருக்கிறீர்கள்தானே? வாய்விட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.