விடுதி மேற்கே திரும்பிய கதை

பஸ் நிலையம் திறந்த வருடம், ஊரின் பழைய விடுதி இரண்டாவது முறையாகத் திரும்பி நின்றது. பிய்ந்துபோன குழாய்களை மறுபடி மாட்டிய கூலியைத் தவிர வேறு செலவு ஆகவில்லை. முதல் முறை திரும்பியது ரயில் வந்தபோது. விடுதியைக் கட்டியவர் அதை வடக்கே ஆற்றைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார். பயணிகள் எல்லோரும் படகில் வந்துகொண்டிருந்த காலம் அது. கிழக்கே தண்டவாளம் போட்டதும் படகுகள் நின்றுபோயின, விடுதியில் ஈ ஓட்டினார்கள். கட்டியவர் மாடி வராந்தாவின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் ரயில் நிலையத்தையே வெறித்துப் பார்த்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில், விடுதி தன் இரண்டு மாடிகளோடும் மெல்ல நகர்ந்து வாசலைக் கிழக்கே வைத்துக்கொண்டது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், வெயில் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியதை மட்டும் கவனித்தார்கள். ஆற்றைப் பார்த்த அறை வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிப் படுத்த ஒரு துணி வியாபாரி, கண் விழித்தபோது எதிரே ரயில் நிலையத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தைக் கண்டு வாடகையில் பாதியைத் திருப்பிக் கேட்டார். நியாயம்தான் என்று கொடுத்துவிட்டார்கள். பிறகு தெற்கே பஸ் நிலையம் வந்தது. கட்டியவரின் மகன் அதே நாற்காலியில் உட்கார்ந்து தெற்கே பார்த்தார், விடுதியும் அவருடைய பேச்சைத் தட்டாமல் தெற்கே திரும்பியது. யார் விடுதியை நடத்துகிறார்களோ அவர்கள் கண் போகிற பக்கம் வாசலும் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தபால்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் முகவரியை மாற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தார்.

அந்த மகனுக்குப் பிறகு விடுதி அவருடைய மகளின் கைக்கு வந்தது. இடுப்பில் எல்லா அறைகளின் சாவியும் தொங்க, வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிற அவரை ஊர் சாவியம்மா என்றே கூப்பிட்டது. கல்யாணத்துக்கு நேரம் ஒதுக்காமலே ஐம்பதைத் தாண்டிவிட்டவர். அப்பா வைத்த சட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தளர்த்தவில்லை. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. சாப்பாட்டு அறையில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. முன்வாசல் விருந்தினருக்கு மட்டும். சரக்கு கொண்டு வருகிறவர்கள் பின்வாசலோடு சரி. இந்தக் கடைசிச் சட்டத்தை அதிகமாக அனுபவித்தவர் முட்டைக்காரர். விடுதிக்கு மேற்கே ஒரு சந்து உண்டு. அதில் இருந்தது அவருடைய வீடும் கோழிக்கூடும்தான், அதற்கப்பால் வெறும் புல்வெளி. நான்கு திசைகளில் விடுதி முகம் கொடுக்காத ஒரே திசை அது. கண்ணுக்கு எதிரே விடுதியின் பக்கச்சுவர் இருந்தாலும், முட்டைக்காரர் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிப்போய், பின்வாசலில் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார். இரண்டாவது முறை விடுதி திரும்பிய மறுநாள், இளைஞராக இருந்த அவர் பின்வாசலைத் தேடி முழுச் சுற்று சுற்றிவந்ததைச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது. கூடையின் மேலே தவிட்டில் புதைத்து ஒரு முட்டை தனியாக இருக்கும். "இது அம்மாவுக்கு" என்பார். அதை உடைத்தால் தவறாமல் இரண்டு மஞ்சள் கரு இருக்கும். கோழி எப்படி ஒத்துக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. சாவியம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் காலையில் அந்தச் சைக்கிள் மணி கேட்கிற நேரத்துக்கு, மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் மேற்கு ஜன்னலைத் துடைக்க அவருக்கு ஏதாவது காரணம் கிடைத்துவிடும். ஊரிலேயே சுத்தமான கண்ணாடி அதுதான்.

பிறகு ஆற்றங்கரையோடு பெரிய சாலை போட்டார்கள். பஸ்களெல்லாம் அங்கே போய்விட்டன, பஸ் நிலையத்தில் ஆடுகள் படுத்தன. விடுதியில் மறுபடியும் ஈ ஓட்டும் காலம் வந்தது. வெளியூரில் கட்டட ஒப்பந்தம் எடுக்கிற தம்பி பெட்டியோடு வந்து இறங்கினார். விடுதி இருவருக்கும் பொதுச் சொத்து. ஒரு சிமெண்ட் கம்பெனி அதைக் கிடங்காக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது.

"அக்கா, சாலை வடக்கே இருக்கு. நீ வடக்கே பாரு, அது திரும்பிடும். கோடைக்குள்ள திரும்பலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்றார் தம்பி. அவருக்கும் விடுதி மேல் பாசம் இல்லாமல் இல்லை. கடன்காரர்கள் மேல் பயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பிறந்து வளர்ந்த இடத்தில் சிமெண்ட் மூட்டையா என்று சாவியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். தாத்தாவின் நாற்காலியை மொட்டை மாடிக்கு ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தார். லாரிகள் போயின, பஸ்கள் போயின, கழுத்து வலி வந்தது. விடுதி அசைந்து கொடுக்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். முடிதிருத்துபவர், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள் என்றார். குழாய்க்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று குழாய்களை முன்கூட்டியே கழற்றி வைத்தார், அதனால் விடுதி பல நாள் வாளித் தண்ணீரில் ஓடியது. கோடையின் கடைசி நாளும் வந்தது. தம்பி நம்பிக்கையை விடாமல் வடக்குப் பக்கம் வரவேற்பு வளைவு கட்டி, மேளக்காரர்களையும் நிறுத்தியிருந்தார். கம்பெனிக்காரர் பத்திரத்தோடு வந்து, காத்திருக்கிற நேரத்தில் ஆம்லெட் கேட்டார். முட்டை இல்லை. முட்டைக்காரர் அன்று வந்திருக்கவில்லை.

"அவரு இனிமே வரமாட்டாரும்மா. ஓட்டல் போயிட்டா இங்க எனக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டாரு. கோழியெல்லாம் வித்துட்டுத் தங்கச்சி வீட்டோட போறாராம்" என்றார் சமையல்காரர். மாடி ஏறிக்கொண்டிருந்த சாவியம்மா திருப்பத்திலேயே நின்றார். வடக்கே பார்க்க வேண்டிய நாள் அது. ஆனாலும் மேற்கு ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, துடைப்பதுபோல் பாசாங்குகூடச் செய்யாமல் முட்டைக்காரரின் சந்துப் பக்கமே பார்த்தார். இத்தனை வருடமாக அவர் காத்திருந்தது ஒரு சைக்கிள் மணிக்காகத்தான் என்பது அப்போது அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சாவிகள் தாமாக ஆடத் தொடங்கின.

"திரும்புது! திரும்புது!" என்று தெருவில் கத்தினார்கள். விடுதி தெற்கிலிருந்து மேற்கு வழியாக நகர்ந்தது. வடக்கே போக அதுவும் ஒரு வழிதான் என்பதால் மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள், தம்பிக்கு வாயெல்லாம் பல். பாதி வழியில், முன்வாசல் நேராக முட்டைக்காரரின் சந்துப் பக்கம் பார்த்த இடத்தில், விடுதி நின்றுவிட்டது. மேளம் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. "இன்னும் கொஞ்சம்தான், தள்ளுங்கப்பா!" என்று தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரில் தோளைக் கொடுத்தார். முடிதிருத்துபவரும் மேளக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த ஆள்போல் விடுதி இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே சாவியம்மாவின் ஜன்னல் இப்போது வடக்கே வந்திருந்தது. இத்தனை நாள் முறைத்தும் மசியாத சாலை அதில் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

கடைசியாக ஒரு கூடை முட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சைக்கிளில் கிளம்பிய முட்டைக்காரர், தன் வீட்டு வாசலுக்கு எதிரே விடுதியின் முன்வாசலைப் பார்த்துத் திகைத்து நின்றிருந்தார். பிறகு பழக்கம் விடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தேடிச் சுவரோரமாக நடக்கத் தொடங்கினார்.

"எங்க போறீங்க?" என்றார் வாசலில் மூச்சு வாங்க நின்ற சாவியம்மா.

"பின்னாடிதாங்க. முட்டை..."

"முட்டை பின்னாடி போகட்டும். நீங்க முன்னாடி வாங்க."

அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தார். தவிட்டில் கை விட்டு, தனியாக வைத்திருந்த முட்டையை எடுத்து நீட்டினார். "இதை உங்க கையில கொடுக்கணும்னு ரொம்ப நாளா..." என்றார். சாவியம்மா வாங்கிக்கொண்டார். தள்ளிக் களைத்திருந்த மேளக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, முழுவீச்சில் வாசித்தார்கள். தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா வளைவை இந்தப் பக்கம் கட்டியிருப்பேனே அக்கா" என்று கோபித்துக்கொண்டார்.

கம்பெனிக்காரர் ஆம்லெட்டை முடித்துவிட்டு, உரிமையாளரின் மனம் போகிற பக்கம் போகிற கட்டடத்தில் சிமெண்ட் வைக்க முடியாது என்று பத்திரத்தை மடித்துக்கொண்டு போனார். விஷயம் சாலையில் போகிறவர்கள் காதுக்கு எட்டியது. காதலிக்கிறவர்கள் முதலில் வந்தார்கள், பிறகு புதுத் தம்பதிகள், அப்புறம் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள். மூன்றாவது வகையினர் காலையில் எழும்போது கட்டில்கள் எதிரெதிராக இருந்தன. அடுத்த கோடைக்குள் சந்து தெருவாகிவிட்டது, தம்பியின் கடனும் தீர்ந்தது. சாவியம்மாவுக்கும் முட்டைக்காரருக்கும் சாப்பாட்டு அறையில் கல்யாணம் நடந்தபோது எல்லோரும் உரக்கப் பேசினார்கள், யாரும் தடுக்கவில்லை. கோழிகள் இப்போது முன்வாசல் வழியாகத்தான் வந்துபோகின்றன.

விடுதி அதற்குப் பிறகு ஒரே திசையில் நின்றதில்லை. முட்டைக்காரர் தீவனம் வாங்கக் கிழக்கே சந்தைக்குப் போனால் வாசலும் மெல்லக் கிழக்கே போகும். அவர் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் வடக்கிலிருந்து கூடவே வரும். அவரைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் விசாரிப்பதில்லை, விடுதியின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் நடக்கிறார்கள். தபால்காரர் முகவரியில் திசை போடுவதையே நிறுத்திவிட்டார். குழாய்க்காரருக்கு மாடியில் ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்து விடுதியிலேயே வைத்துக்கொண்டார்கள்.