காலுறைத் தடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல, ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாலாம் பகுதியை. அதில் நாற்பத்தொன்றாம் காட்சி மட்டும் வரமாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்வீடனில், வேத்தர்ன் ஏரிக்கரை நகரம் ஒன்றில், ஸோல்வெய்க் என்ற பெண்ணைப் பட்டப்பகலில் அவள் வீட்டுக்குள்ளேயே யாரோ குத்திப்போட்டார்கள். குற்றவாளியைப் பிடிக்கப் போலீசுக்குப் பதினாறு வருடம் ஆயிற்று. அவனுடைய தூரத்து உறவினர்களின் மரபணுவை வைத்துப் பிடித்தார்கள். அவளை முன்பின் தெரியாதவன். வழக்கு முடிந்தது, நாங்கள் தொடர் எடுக்கக் கிளம்பிவிட்டோம்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். அது மே மாதம், நல்ல வெயில். பனி இருந்தால்தான் வெளிநாட்டில் விலைபோகும் என்கிறார் இயக்குநர் ஹென்னிங். போகட்டும், எனக்கென்ன.

இரண்டாம் தொடக்கம்: "கூடத்து மரத்தரையில், ரத்தத்தில் பதிந்த ஒரு காலுறைத் தடம்."

இது இருக்கட்டும். இங்கேயும் நம் வீடுகளைப் போலத்தான். வாசலில் காலணியைக் கழற்றாமல் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். போலீஸ் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டது. கொல்ல வந்த அந்நியன் காலணியைக் கழற்றிவிட்டா வருவான்? ஆகவே வீட்டு ஆள். வீட்டு ஆள் என்றால் புருஷன். பள்ளியில் மரவேலை வாத்தியாராக இருந்த ரூனேவுக்கு வேலை போனது. தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தடம் கலைந்திருந்ததால் அவர் கால் என்று நிரூபிக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

பிடிபட்டவன் நீதிமன்றத்தில் சொன்னான்: "குத்தினதும் ஓடிட்டேன். பூட்ஸைக் கழட்டவே இல்ல."

அப்படியானால் அந்தக் கால் யாருடையது? தண்டனை கொடுக்க அது தேவைப்படவில்லை. யாரும் தேடவில்லை.

3

ரூனே இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். முதலில் அவரைப் பார்க்கப் போனபோது வாசலில் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தேன்.

"கழட்டாதே. அப்படியே வா."

"தரை அழுக்காயிடுமே."

"ஆகட்டும். பதினாறு வருஷம் என் காலை அளந்தானுங்க. இந்த வீட்ல இனி ஒருத்தரும் காலுறையோட நடக்க வேண்டாம்."

(இந்த நாட்டில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். இருபத்தெட்டு வருடமாக இங்கே இருந்தும் பெரியவர்களை 'நீ' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் வாயில் 'நீங்க' என்றே போட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கீழ்வீட்டு மாய்-பிரிட் இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. ஊரே ஒதுக்கிய காலத்திலும் ஞாயிறு தவறாமல் ரூனே வீட்டுக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"நான் இல்லேன்னா இந்த மனுஷன் சோறு தண்ணி இல்லாம எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பார்," என்றார்.

"உன் ரொட்டியைத் தின்னு சாகாம இருக்கேனே, அதுதான் அதிசயம்," என்றார் ரூனே. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் தொடரெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கால் யாருதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. சாகறதுக்குள்ள தெரியணும். அவ பக்கத்துல கடைசியா நின்னது யாரு?"

மாய்-பிரிட் காப்பி ஊற்றினார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

4

மறுவாரம் மாய்-பிரிட்டைத் தேடிப் போனேன். அடித்தளத்தில், குடியிருப்புக்கே பொதுவான துணி துவைக்கும் அறையில் இருந்தார். அந்த அறைக்கு வீட்டுக்கு வீடு நேரம் குறித்து வைத்திருப்பார்கள். கொலையை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், அடுத்தவர் நேரத்தில் எந்திரத்தை எடுத்தால் மன்னிக்கமாட்டார்கள்.

[மேலே உள்ள வாக்கியம் வேடிக்கைக்காக எழுதியது. இப்போது படிக்கையில் வேடிக்கையாக இல்லை. எடுக்காமல் விடுகிறேன்.]

அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று ஒப்புக்குத்தான் கேட்டேன். எந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அது என் நேரம். ஸோல்வெய்க் துணி உள்ளயே கிடந்தது. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கணும்னு மேல போனேன். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழட்டினேன். சண்டை போடப் போறவ, செருப்பைக் கழட்டிட்டுப் போறேன் பாரு!"

"உள்ளே?"

"கிடந்தா. கண்ணு திறந்திருந்தது. இமை அசைஞ்சுது."

"உயிரோடவா?"

"ஓடி வந்துட்டேன். என் வீட்டுக் கதவைப் பூட்டிட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்துல ரூனே வந்து அலறினார். இனி நான் எதுக்குன்னு இருந்துட்டேன். போலீஸ் கேட்டப்போ துணி துவைச்சிட்டிருந்தேன்னு சொன்னேன். பொய் இல்லையே."

"காலுறை?"

"அதையும் துவைச்சுட்டேன். என் நேரம்தானே."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடர்ல போட்டுடாதே. ஞாயித்துக்கிழமை அவருக்கு வேற யார் இருக்கா?"

5

இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. பதினாறு வருட ரொட்டி அன்பா, அபராதமா? "அவர் மனத்தில் குற்றவுணர்வு ஒரு" — வேண்டாம். எனக்குத் தெரியாததை அழகாக எழுதி என்ன பயன்?

ஹென்னிங் ஒரு முடிவு கொடுத்தார்: தடம் போலீஸின் பிழை, அது யார் காலும் அல்ல. ரூனே இதை நம்பிச் சாகலாம். ஆனால் அது பொய்.

என் முடிவு: சொல்லிவிடுவது. ரூனே எதைக் கேட்டாரோ அது கிடைக்கும். அதோடு, அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே மனுஷியும் போய்விடுவார். ஸோல்வெய்க் மூச்சோடு கிடந்தாள் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

படப்பிடிப்பு செவ்வாய்க்கிழமை. எழுத்துப்படியில் நாற்பத்தொன்றாம் காட்சி இப்படி நிற்கிறது: "கதவு திறக்கிறது. காலுறை அணிந்த இரண்டு கால்கள் உள்ளே வருகின்றன." முகம் எழுதவில்லை.

6

நேற்று ஞாயிறு. மூன்று கோப்பை, இலவங்கப்பட்டை ரொட்டி, ஜன்னலில் வெயில். மூவர் காலிலும் காலணி.

"என்ன எழுத்தாளரே, கண்டுபிடிச்சியா இல்லையா?" என்றார் ரூனே.

என்னிடம் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. "தெரியல, ரூனே" ஒன்று. மற்றது உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாய்-பிரிட் கோப்பையை மேசையில் வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குனிந்தார். இடது காலணியின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு வலது.

"என்ன பண்றே? கழட்டாதேன்னு எத்தனை தரம் சொல்றது?" என்று சிரித்தார் ரூனே.

மாய்-பிரிட் நிமிரவில்லை. காலணி இரண்டையும் ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு, சாம்பல்நிறக் காலுறையோடு எழுந்து, மரத்தரையில், ஸோல்வெய்க் கிடந்த இடம் நோக்கி நடந்தார். ரூனே சிரிப்பதை நிறுத்தினார்.

இது நடந்ததா, காட்சி வராத ஆத்திரத்தில் நான் எழுதியதா என்று கேட்காதீர்கள். ரூனே அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அடுத்து என்ன சொன்னார் என்பதை எழுத நான் மறுக்கிறேன். நீங்கள் அவர் நாற்காலியில் உட்காருங்கள். காப்பி இன்னும் சூடாக இருக்கிறது.