கோடுகள் வராத வம்சாவளி

“அம்மாட்ட நீ ஒண்டும் கேக்காத. கேக்கிறதை நான் கேக்கிறன்.”

“எப்ப? நான் கிழவியான பிறகா?”

“கிழவியானா என்ன? அப்பவும் மருமகள்தானே.”

பதிவுத் திருமணம் முடிந்த வாரத்தில், மாம்புரியில் எடுத்த வாடகை வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அனுஷ்காவிடம் கீதன் அப்படிச் சொன்னான். எட்டாவது மாதம் லொறியில் அடிபட்டு இறந்தான். செத்தவீட்டில் அவள் அயலவர்களோடு பின்னால் நின்றாள். கத்தோலிக்கப் பெண்ணை மருமகள் என்று சொல்ல அவன் தாய் இராஜேஸ்வரிக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து இராஜேஸ்வரியும் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரைக் கொழும்பிலிருந்த உறவினர் தவச்செல்வன் வடிவமைத்து அனுப்பியிருந்தார். சிலாபத்து அச்சகமோ பழைய கோரல் மென்பொருளில் செய்த கோப்பை மட்டுமே வாங்கும். தவச்செல்வன் செய்தது வேறு மென்பொருளில். மாற்றத் தெரிந்தவள் தில்லையடியில் நெய்னாரின் கணினிக் கடையில் இருக்கிறாள் என்றார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட மகாலிங்கம், மனைவியின் நினைவு மலரைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, மகனின் மனைவிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தார்.

“மாத்தலாமோ, பிள்ளை?”

எந்தக் கடையிலும் அவர் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்; அவளை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பாப்பம், ஐயா.”

முதல் முறை திறந்தபோது தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டியது. எட்டிப் பார்த்த நெய்னார், “இதென்ன புள்ள, ஜின்னுக்கு எழுதின கடிதமா?” என்றார். மகாலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எழுத்துகளை வடிவங்களாக மாற்றித் திரும்ப அனுப்பும்படி தவச்செல்வனிடம் போனில் சொன்னாள். அந்தக் கோப்பில் எழுத்துகள் சரியாக நின்றன. ஆனால் கடைசிப் பக்கத்து வம்சாவளியில் பெயர்களை இணைக்கும் மெல்லிய கோடுகள் ஒன்றுகூட வரவில்லை. அறுபது பெயர்கள் வெள்ளைத் தாளில் தனித்தனியே கிடந்தன. மறுபடி அழைத்தால் தவச்செல்வனின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. நாலு மணிக்குக் கோப்பை வாங்கிப்போக அச்சகத்து வேன் வந்துவிடும்.

“கோடு இல்லாட்டி ஆர் ஆற்ற பிள்ளையெண்டு தெரியாதே.”

“நீங்க சொல்லுங்க ஐயா, நான் கீறுறன்.”

அவர் விரலைத் திரையில் வைத்துச் சொல்லத் தொடங்கினார். “இவர் என்ர அப்பு. ரெண்டு தாரம். ரெண்டு பேருக்கும் கீறு. மூத்தவவுக்குக் கொஞ்சம் தடிப்பாக் கீறு, இல்லாட்டி மேல இருந்து பேசுவா.”

அனுஷ்கா சிரித்தாள். கீதன் கதை கதையாகச் சொன்ன பெரியப்பாக்களும் மாமிகளும் ஒவ்வொருவராக அவளுடைய கோடுகளில் வந்து சேர்ந்தார்கள். கீதனைத் தவிர அந்தக் குடும்பத்தில் ஒருவர் அவளோடு இவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை.

கோடு கீழே இறங்கியது. மூத்த மகன், பக்கத்தில் மனைவி, கீழே மூன்று பிள்ளைகள். அடுத்தது அமரர் கீதன்.

“இவனுக்கு எங்களிட்ட இருந்து ஒரு கோடு. அவ்வளவுதான்.”

கீறினாள். அவன் பக்கத்தில் வெள்ளையாக இடம் கிடந்தது. அவளுடைய கை மவுசிலிருந்து எழவில்லை.

“கனடாவில இருக்கிற எங்கட சொந்தக்காரர் எல்லாரும் பாத்துச் சரியெண்டிட்டினம், பிள்ளை,” என்றார் மகாலிங்கம், அவள் எதுவும் கேட்காமலேயே. அவர் கண் திரையை விட்டு அசையவில்லை.

“புள்ள, வேன் வந்துட்டு!” வாசலிலிருந்து நெய்னார் கத்தினார்.

ஒரு பெயர் தட்டவும் ஒரு சின்னக் கோடு கீறவும் அரை நிமிடம் போதும். இவர் சம்மதிக்க மாட்டார் என்பதும், சம்மதித்தாலும் மூத்த மகன் விடமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தக் கோப்பு போன பிறகு கேட்பதற்கு இடமே இராது என்பதும் தெரியும்.

“மாமா,” என்றாள். வேன் இரைச்சலில் அது கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

“மாமா, அவருக்குப் பக்கத்தில என்ட பேரையும் போட விடுங்க.”