நான் வாங்கிய ஏரியல்

அந்த வண்டியை நான் வாங்கியது அடித்து நொறுக்குவதற்காகத்தான். இதைச் சொன்னால் எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஒருவரும் நம்புவதில்லை. "பெவ்வுக்கு எப்பவும் கிண்டல்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பீருக்குப் போய்விடுகிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

என் கணவன் ட்ரெவருக்கு அவன் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து ஒரு ஏரியல் மோட்டார் சைக்கிள். ஐம்பத்தொன்றாம் வருடத்து வண்டி, ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், இங்கே பக்கத்தில் பர்மிங்காமில் செய்தது. கல்யாணமான புதிதில், குடிபோதையில், அதை ஒரு பண்ணைக்காரனுக்கு விற்றுவிட்டான். விற்றவன் அவன், உதை வாங்கியவள் நான். "உன்னைக் கட்டுனதாலதான்டி அப்பா வண்டி போச்சு" என்று சொல்லிச் சொல்லி அடிப்பான். கோடையில் தெருவில் யாராவது பழைய வண்டி ஓட்டிப் போனால் அன்றைக்கு எனக்குப் பூசை நிச்சயம். ஒருமுறை முன்பற்கள் போயின. ஒருமுறை விலா எலும்பு. கடைசித் தடவை கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே என் தோளில் ஊற்றினான். பக்கத்து வீட்டு நோரீன்தான் போலீஸைக் கூப்பிட்டாள். அவன் சிறைக்குப் போனான். வெளியே வந்தாலும் என் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது.

அவன் உள்ளே இருந்தபோது அந்தப் பண்ணைக்காரன் செத்துப்போக, பண்ணைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பேப்பரில் பார்த்துச் சொன்னவளும் நோரீன்தான்.

"அடியே, உன் சக்களத்தி ஏலத்துக்கு வர்றா. போய்ப் பாக்குறியா?"

போனேன். என்ஜின் கோழிக்கூண்டில் கிடந்தது, வண்டிச் சட்டம் வைக்கோலுக்கு அடியில், மற்றதெல்லாம் பிஸ்கட் டப்பாக்களில். பெட்ரோல் டேங்கில் எலி குட்டி போட்டிருந்தது. ஸ்டோக்கிலிருந்து வந்த ஒரு வியாபாரி என்னோடு போட்டிபோட்டுக் கை தூக்கினான். நான் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை இறக்கிவிட்டான். என் மூஞ்சியால் கிடைத்த ஒரே நன்மை அது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் கொட்டகையில் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டு, நிலக்கரி உடைக்கும் சுத்தியலை எடுத்தேன். முதல் அடி மட்கார்டில். இரண்டாவது அடிக்கு ஓங்கினேன், கை இறங்கவில்லை. பயமில்லை, பாவமுமில்லை. இவளும் அவன் கையில் அகப்பட்டுக்கொண்டு, அவன் குடிக்கு விலைபோனவள்தானே என்று பட்டது. சுத்தியலைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். சுவரில் செங்கல் பெயர்ந்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன்.

குரோமியப் பூச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறவள் நான். துருவுக்கும் எனக்கும் பழைய சண்டை. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் அசைத்தேன். அசைந்த அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் நோரீன், ட்ரெவர்தான் வந்துவிட்டான் என்று கரண்டியோடு ஓடிவந்தாள். சக்கரத்துக்குக் கம்பி கோத்தேன். டேங்குக்கு அடர் சிவப்பு அடித்தேன், அதன் பழைய நிறமே அதுதான்.

பொறி உண்டாக்கும் மேக்னட்டோ மட்டும் தேறவில்லை. உள்ளே சுருள் உருகிப் போயிருந்தது. உதிரிபாகச் சந்தையில் வேறொன்று வாங்கிப் போட்டேன். அது பழசுக்கு நேரெதிர். இந்த வண்டிகளில் பொறியை முந்தவும் பிந்தவும் வைக்க, கைப்பிடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. பழசில் அதைத் தன் பக்கம் இழுத்தால் பொறி தாமதமாக விழும். நான் போட்டதில் இழுத்தால் முந்திக்கொண்டு விழும். வண்டியைக் கிளப்பக் காலால் உதைக்கும்போது பொறி முந்தினால் இந்தப் பெரிய சிலிண்டர் மிதியைத் திருப்பி உதைக்கும். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் ஒரு காலை விந்தி நடப்பதற்குக் காரணம் அதுதான். என்னையும் ஒருமுறை தூக்கி நிலக்கரிக் குவியலில் எறிந்தது. என்னை அடித்தவர்களில் நான் மன்னித்தது அந்த வண்டியை மட்டும்தான்.

ட்ரெவர் விடுதலையாகி டிப்டனில் தங்கை வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அதற்காக வண்டியை மூடிவைக்க முடியுமா? ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது பார்த்திருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவெல்லாம் ஆட்டுக்கறி வேகும் வாசனையில் இருக்கும்போது, பின்சுவர் ஏறிக் குதித்துக் கொட்டகைக்குள் வந்துவிட்டான்.

என்னைப் பார்க்கவில்லை. டேங்கைத் தடவினான்.

"அப்பா வண்டி."

"என் வண்டி. ஏலத்துல எடுத்தது. வெளிய போ."

"வாய்க்கொழுப்பு இன்னும் அடங்கலையா உனக்கு?"

புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்தது. மேசையில் கிடந்த பெரிய ஸ்பானரை எடுத்து அவன் கழுத்தெலும்பில் போட்டேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, சந்தோஷமாக இருந்தது. வருஷக்கணக்காக அவன் அனுபவித்த சந்தோஷம் இதுதானா என்று நினைப்பதற்குள் மறு கையால் என் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். ஒருமுறை. இன்னொரு முறை. கண்ணில் ரத்தம் இறங்கிக் கொட்டகையே சிவப்பாகத் தெரிந்தது.

"முற்றத்துக் கேட் சாவி எங்க? வண்டிய வெளிய எடுக்கணும்."

தரமாட்டேன் என்றேன். மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருக்கிறது. உடம்பால் என்னை மேசையோடு நெருக்கி, என் இடது கையை அதன் வாயில் வைத்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். அவசரமே இல்லாமல் சுற்றினான். ஒரு விரல் போனது. அடுத்ததும் போனது.

"டீ டப்பாவுல," என்றேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" சாவியை எடுத்துப் போய்க் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு வந்தான். என் கையை வைஸிலேயே விட்டுவிட்டான். "கேட்டுக்கோ. இன்னைக்கு வண்டி. அடுத்த வாரம் நானே மொத்தமா வந்துடுறேன். கறி சமைச்சு வை. கோர்ட்டு கீர்ட்டுன்னு போனே, அந்த நோரீன் கெழவியையும் சேத்துக் கொளுத்திடுவேன்."

சொன்னால் செய்கிறவன். அடுத்த வாரம் இதே ஆள், இதே கை, என் சமையலறை, என் படுக்கை. பாதி உயிர் அப்போதே போய்விட்டது எனக்கு.

அப்பா சொல்லிக்கொடுத்த முறை மறக்கவில்லை அவனுக்கு. பெட்ரோலைத் திறந்தான். கார்புரேட்டரின் குமிழை விரல் நனையும்வரை அழுத்தினான். மிதியை மெல்ல மிதித்து இறுகும் இடத்தைக் கண்டான். அப்புறம் அந்த லீவரைத் தன் பக்கம் இழுத்தான்.

சும்மா இருந்திருக்கலாம். நோரீன் இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டுகிறாள். ஆனால் நானே ஒவ்வொரு திருகாகச் சேர்த்த என்ஜின். அது தப்பாக வெடிக்கப்போகிறது என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இழுக்காத! அது வேற மேக்னட்டோ, எல்லாம் தலைகீழ்! தள்ளி விடு!"

என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"எங்கப்பன் வண்டிய எனக்கே சொல்லித்தர்றியாடி நீ?"

முழு எடையையும் போட்டு உதைத்தான்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மிதி மேலே எகிறியது. அவன் அந்தரத்தில் ஒரு கணம் நின்று விழுந்தான், வண்டி அவன் மேல் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு நின்றது. மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, நான் கத்தியதைத் தவிர.

வலது கையால் வைஸைத் தளர்த்தி விரல்களை எடுத்தேன். டேங்கிலிருந்து பெட்ரோல் அவன் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. மேசையில் தீப்பெட்டி இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். கத்தல் நின்றுபோனது.

எடுத்தேன், மறைக்கமாட்டேன். உரசியிருப்பேன். வண்டி அவன் மேல் கிடந்தது, அதுவும் சேர்ந்து எரிந்திருக்கும், அவ்வளவுதான். தீப்பெட்டியை முற்றத்தில் வீசிவிட்டு, டேங்கின் குழாயை மூடினேன்.

"பெவ்! உசுரோட இருக்கியாடி?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நோரீன்.

"இருக்கேன்! ஆம்புலன்ஸ் கூப்பிடு! போலீஸையும் கூப்பிடு!"

போலீஸ் என்றதும் ட்ரெவர் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"பெவ், கண்ணு, நீதான் வரச்சொன்னேன்னு சொல்லிடு. வண்டியக் காட்டக் கூப்பிட்டேன்னு. இல்லன்னா திரும்ப உள்ள போட்டுருவானுங்க. நீ அழகா சொல்லுவியே, எப்பவும் நீதானே சொல்லுவ."

உண்மைதான். எப்போதும் நான்தான் சொல்வேன். மாடிப்படியில் வழுக்கிவிட்டது, அலமாரிக் கதவு இடித்துவிட்டது, முற்றத்தில் பனி உறைந்திருந்தது. மருத்துவமனையில் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையான முகத்தோடு பக்கத்தில் நிற்பான். நர்சுகள் எனக்கு நல்ல புருஷன் வாய்த்திருக்கிறான் என்பார்கள்.

காலை உதறிக்கொண்டேன்.

போலீஸிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். அவனைப் பார்த்து முகம் வெளுத்தாள், என் கையைப் பார்த்து இன்னும் வெளுத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான், கெஞ்சுகிற கண்ணோடு. அந்தக் கண்ணை நம்பித்தான் இத்தனை வருஷம் போனது.

"என்னம்மா ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான் கூப்பிடல. சுவரேறிக் குதிச்சு வந்தான். வரக்கூடாதுன்னு தடை இருக்கு."

"விரலு?"

"அவன்தான்."

"சரி, மத்தத ஆஸ்பத்திரில பேசிக்கலாம்."

"இல்ல கண்ணு, இங்கயே சொல்றேன். அவன் காதுல விழணும். எல்லாத்தையும் சொல்றேன்."

தேனிலவுக்குப் போன ரில் கடற்கரை விடுதி அறையிலிருந்து ஆரம்பித்தேன். "வாய மூடுடி!" என்று ட்ரெவர் கத்தினான். எழுந்துவரத்தான் அவனால் முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் நான் நிறுத்தவில்லை. நோரீன் டீ கொண்டுவந்து என் நல்ல கையில் கொடுத்தாள். அது ஆறிப்போனது, நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன்.