இருபத்திரண்டு சிலாப்

"ஆட்சேபணை மனு ஒண்ணு எழுதிட்டு வாங்க. நெச மனு மாதிரி இருக்கணும். ஒப்புகைச் சீட்டுக்கு ரெண்டு மார்க்" என்று குருமூர்த்தி சார் சொன்னார். அவர் சொன்னதை அன்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதனால் இதில் தவறு இருக்காது. மனு எழுதக் கற்றுத் தரும் மாலை வகுப்பில் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் ஒப்புகைச் சீட்டைப் பேனாவால் வரைந்து கொண்டுவந்தார்கள். நான் நகராட்சி அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, முத்திரை குத்திய சீட்டை வாங்கி வந்தேன்.

சார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசமாவே குடுத்துட்டியா பிரபா?"

"குடுக்கக் கூடாதா சார்?"

"குடுக்கலாம்" என்றார். பத்துக்கு ஏழு போட்டார். மூன்று எதற்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

மனு நகராட்சியின் புதிய துணைவிதி பற்றியது. வரைவு செய்தித்தாளில் வந்திருந்தது. பொதுத் தெருவில் எந்தப் பொருளையும் உலர்த்தவோ அடுக்கவோ கூடாது, மீறினால் பறிமுதல் செய்யப்படும், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் வீட்டுப்பாடம். என் அத்தை காசியம்மாள் தெருவில்தான் பொம்மை காய வைக்கிறாள்.

பீங்கான் பட்டறையில் அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளை அத்தை வீட்டுக்கு வாங்கி வருவாள். கை ஒட்டி, பிசிர் நீக்கி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வெயிலில் வைப்பாள். ஈரம் போகாமல் சூளைக்குப் போன பொம்மை உள்ளே வெடித்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். எங்களுக்கு ஒரே அறை, முற்றம் இல்லை, மாடி வீட்டுக்காரருடையது. தெரு இல்லையென்றால் அத்தைக்கு வேலை இல்லை.

எதையும் அளக்காமல் எழுத எனக்கு வராது. ஒரு வாரம் வேலைக்கு லீவு போட்டுத் தெருவை அளந்தேன். பத்து மணி முதல் மூன்று மணி வரை போகும் வண்டிகளை எண்ணினேன். ஆட்டோவுக்குள் ஆட்கள் இருந்தால் ஒன்றா, நான்கா என்று தெரியாமல் இரண்டு விதமாகவும் எண்ணினேன். தெருவில் யாருடைய பொருள் எத்தனை அடி இடம் பிடிக்கிறது என்று ஓர் அட்டவணையும் போட்டேன்.

நகர்மன்றக் கூட்டத்துக்கு நேரில் வரச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஊர் முழுக்க வந்த ஒரே ஆட்சேபணை என்னுடையதாம்.

அத்தை அதை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"வகுப்புக்கு எழுதுனத வாத்தியார்கிட்ட குடுக்க வேண்டியதுதானடி?"

"சீட்டுக்கு ரெண்டு மார்க்கு அத்தை."

"ரெண்டு மார்க்குக்கு எம்பேர ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கிற. இவ்ளோ நாளா நான் காய வெக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

கொலுவுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. பலகைகளில் எண்பத்தாறு பொம்மைகள்.

கூட்டத்தில் நாற்பத்தோரு பொருள்கள். எழுத்தர் எண்ணைச் சொன்னார், உறுப்பினர்கள் "சரி" என்றார்கள். பத்தொன்பதாம் பொருளில் டீ வந்தது. எங்களுடையது இருபத்தேழு. பார்வையாளர் பெஞ்சில் என் பக்கத்தில் கிடந்த அச்சிட்ட தாளில், "ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்று ஏற்கெனவே இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் வராதவர் என்று எழுதுவார்களோ என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஆட்சேபணைய முழுசா வாசிக்கணுங்க, விதி இருக்குது" என்றார் ஆணையர்.

எழுத்தர் அட்டவணையை வாசித்தார். "வரிசை எண் ஒன்று. காசியம்மாள். பொம்மைப் பலகை. இரண்டரை அடி. தினம் ஐந்து மணி நேரம். வரிசை எண் இரண்டு. பழமலைநாதன். மொபெட். இரண்டடி. இரவு மட்டும். வரிசை எண் மூன்று. நகராட்சி. சாக்கடை மூடும் சிலாப், இருபத்திரண்டு. நாலேகால் அடி. இரண்டு வருடம் நான்கு மாதம், இரவும் பகலும்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"யாருப்பா அளந்தது?" என்றார் தலைவர்.

நான் எழுந்து நின்றேன். "ரெண்டு தடவ அளந்தேங்க. மொத தடவ நாலரை வந்துது. டேப்பு வளைஞ்சிருக்கும்னு திரும்ப அளந்தேன்."

"அப்ப இந்த விதி பாஸானா மொதல்ல நம்மளதத்தான் பறிமுதல் பண்ணணும்" என்றார் எங்கள் வார்டு கவுன்சிலர் செல்வநாயகி. "பண்ணி எங்க வெப்பீங்க?"

"நகராட்சி வளாகத்துலதாங்க வெக்கணும்" என்றார் ஆணையர். "வளாகத்துல எடம் இல்லன்னுதான் தெருவுல வெச்சிருக்குது."

"சாக்கடை மேல போட வேண்டியதுதான?"

"சிலாப் செய்யத்தாங்க போன பட்ஜெட்டு. போடறதுக்கு இல்ல."

தலைவர் ஃபேனைப் பார்த்தார். பிறகு தீர்மானம் சொன்னார். மேற்படி சிலாப்கள் பொருத்தப்படும் வரை துணைவிதி ஒத்திவைக்கப்படுகிறது. எழுத்தர் தாளில் இருந்த வரியை அடித்து எழுதினார். இருபத்தெட்டாம் பொருளுக்கு எல்லாரும் "சரி" என்றார்கள்.

அத்தைக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. மறுநாள் காலை சிலாப்களைப் பெருக்கிவிட்டு, பலகைகளை அவற்றின் மேலேயே வைத்தாள். உயரத்தில் வெயில் நன்றாகப் படுகிறது, நாயும் வராது என்றாள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது சிலாப்களை எண்ணிக்கொண்டேன். எப்போதும் இருபத்திரண்டு.

எட்டாம் நாள் எதிர்வீட்டுப் பழமலைநாதன் மாமா கைத்தடியோடு வந்து வாசலில் நின்றார். போன மழையில் திறந்த சாக்கடையில் மொபெட்டோடு விழுந்தவர். இடது கணுக்கால் இன்னும் மடங்காது.

"செல்வநாயகி எல்லாம் சொன்னாங்க. நல்லா எழுதியிருக்கிற" என்றார். "எம்பேரு இருக்குது, வண்டி இருக்குது, வண்டி எத்தன அடின்னுகூட இருக்குது. காலு மட்டும் வுட்டுப்போச்சு."

நான் உள்ளே போய் நோட்டைப் பார்த்தேன். உண்மைதான். சாக்கடையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்திருந்தேன். அதில் விழுந்தவருக்கு அட்டவணையில் இடமே விடவில்லை.

"சிலாப்ப எடுத்து மூடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடும்மா. உன் மனுதான் அங்க எடுபடுது."

பலகையைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. சாக்கடையை மூடினால் துணைவிதி எழுந்துவரும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"எழுதறேன் மாமா" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அன்று இரவு அத்தை சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் நான் மனுவைத் திருத்தி எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுல எம்பேரையும் போடு."

"எதுக்கு அத்தை?"

"அந்த ஆளு வுழுந்தப்ப தூக்குனது நான்தான். எவ்ளோ ஆழம்னு எனக்குத் தெரியாதா? ஆனா வேலைய எப்ப ஆரம்பிக்கணும்னும் எழுது. கொலு முடியட்டும், கார்த்திகை வெளக்கு முடியட்டும். தை பொறந்து வரச் சொல்லு."

மனுவில் அப்படிக் கேட்கலாமா என்று எனக்குச் சந்தேகம். தெருவைத் தாண்டிப் போய் மாமாவிடம் கேட்டேன்.

"எழுதிக்க, எழுதிக்க" என்றார். "எழுதலன்னா மட்டும் அதுக்கு முன்னாடி வந்துடுவாங்களா?"

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். இதற்கு மார்க் கிடையாது.

சிலாப் போட்டு முடித்ததும் துணைவிதி மறுபடி வரும். அப்போது பகலில் தெருவில் இருப்பது பொம்மைப் பலகை மட்டும்தான். மூன்றாம் வரிசையில் நகராட்சி இருக்காது, வேறு எதைச் சொல்லி நிறுத்துவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புது நோட்டில் அட்டவணைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வண்டிகளை மறுபடி எண்ண வேண்டும். இந்த முறை ஆட்களுக்கும் ஒரு கட்டம் விட்டிருக்கிறேன்.